சிறைக் கதவின் சாவி யார் கையில்? நுகர்வோர் சட்டங்களில் உள்ள குற்றத் தண்டனைகள்

கல்யாண மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் 60,000 ரூபாய். மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து தேதி தள்ளிப்போனது. நான்கு மாதம் முன்கூட்டியே சொல்லியும் மண்டபக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பணம் கட்டிய அம்மா தையல் வேலை செய்பவர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார், ஜெயித்தார். முன்பணம் முழுவதும் 9% வட்டியோடு, மன உளைச்சலுக்கு 15,000, செலவுக்கு 5,000 என்று உத்தரவு வந்தது. எதிர்தரப்பு மேல்முறையீட்டுக்கும் போகவில்லை, பணத்தையும் கட்டவில்லை. எட்டு மாதம் இப்படியே ஓடியது.

பிறகு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-வது பிரிவின்கீழ் ஒரு மனு போட்டார். இரண்டு வாய்தாவுக்கு எதிர்தரப்பு வரவில்லை. மூன்றாவது வாய்தாவில் ஆணையம் வாரண்ட் பிறப்பித்தது. வாரண்டை எடுத்துக்கொண்டு உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஒரு காவலர் மண்டபத்துக்குப் போனார். அடுத்த வாய்தாவில், சட்டைப் பையில் இரண்டாக மடித்த டிடியோடு மண்டபக்காரர் வந்து நின்றார். முழுத் தொகையும் இருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி, எண்ணால் எழுதியதையும் எழுத்தால் எழுதியதையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: "அப்போ அவருக்கு ஒண்ணும் ஆகாதா சார்?"

ஒன்றும் ஆகாது. உத்தரவு நிறைவேறிவிட்டால் 72-வது பிரிவு மனுவை ஆணையங்கள் பெரும்பாலும் முடித்துவைத்துவிடுகின்றன. ஆனால் அவருடைய கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. ஏமாற்றியவனுக்கு ஜெயில் உண்டு என்று சட்டம் சொல்கிறதே, அது எப்போது, யாருக்கு, யார் கேட்டால் நடக்கும்?

நம் நுகர்வோர் சட்டங்களில் சிறைத் தண்டனைக்குக் குறைவே இல்லை. ஒரு மாதத்தில் தொடங்கி ஆயுள் வரை இருக்கிறது. இத்தனை வருடம் இந்த வழக்குகளைப் பின்தொடர்ந்ததில் நான் கண்டது இதுதான்: தண்டனை கடுமையாக ஆக ஆக, அதை இயக்கும் சாவி பாதிக்கப்பட்டவரின் கையிலிருந்து தூரப் போய்விடுகிறது. மிகச் சிறிய தண்டனையின் சாவி மட்டும்தான் அவரிடமே இருக்கிறது. அதுதான் 72-வது பிரிவு.

அந்தப் பிரிவு சொல்வது நேரடியானது. ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல், ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்காக முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் ஆணையத்துக்கே தரப்பட்டிருக்கிறது. விசாரணையும் சுருக்கமுறைதான். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இதே ஏற்பாடு 27-வது பிரிவாக இருந்தது. சிறைக்காலம் அன்றும் இதேதான், அபராதம் மட்டும் 2,000 முதல் 10,000 வரை. 20 லட்சம் தர வேண்டிய கட்டுமானக்காரருக்கு 10,000 ரூபாய் அபராதம் ஒரு பொருட்டே இல்லை. 2019 சட்டம் தொகையை உயர்த்தியது. ஆனாலும் வேலை செய்வது தொகை இல்லை என்பதை அந்த மடித்த டிடியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாசலில் காவலர் வந்து நின்றதும், மண்டப வேலையாட்கள் அதைப் பார்த்ததும்தான் பணத்தை வெளியே கொண்டுவந்தது.

பக்கத்திலேயே 71-வது பிரிவும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. 71 சொத்தைத் தேடிப் போகும்: உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போல ஜப்தி, ஏலம் என்று நடக்கும். 72 ஆளைத் தேடிப் போகும். சொத்தை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு நிற்பவரிடம் முதலாவது பலிக்காமல் போகலாம், இரண்டாவது பலிக்கும்.

நீதிமன்றம் அல்லாத ஓர் அமைப்பு ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கர்நாடகத்தின் விஸ்வபாரதி வீட்டுவசதிச் சங்க வழக்கில் 2003-இல், இந்த அதிகாரம் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் இன்னொரு முக்கியமான தீர்ப்பு வந்தது. மும்பையில் வீடு கட்டித் தராத ஒரு கட்டுமான நிறுவனத்தின் உரிமையாளர்மீது தேசிய நுகர்வோர் ஆணையம் 27 தண்டனை உத்தரவுகளைப் பிறப்பித்திருந்தது. திவால் நடவடிக்கை நடப்பதால் அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று அவர் கேட்டார். முடியாது என்றது உச்ச நீதிமன்றம். திவால் சட்டத்தின் இடைக்காலத் தடை கடன் வசூலுக்குத்தான், உத்தரவை மீறியதற்கான தண்டனைக்கு அது குடை பிடிக்காது என்பது தீர்ப்பின் சாரம். வீட்டுக்காக வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிவிட்டு நிற்பவர்களுக்கு இது பெரிய பலம்.

இனி சாவி கை மாறும் இடங்களுக்கு வருவோம்.

பொய் விளம்பரத்துக்கு அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 89-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் வரை அபராதமும் உண்டு. மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, 50 லட்சம். படிக்க மிரட்டலாகத்தான் இருக்கிறது. ஆனால் 92-வது பிரிவைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ புகார் கொடுத்தால் ஒழிய, எந்த நீதிமன்றமும் இந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியாது. முகப்பொலிவு க்ரீம் வாங்கி முகம் வெந்துபோன பெண் நேராக நடுவர் நீதிமன்றத்தில் 89-இன்கீழ் வழக்குப் போட வழியில்லை. ஆட்சியரிடமோ மத்திய ஆணையத்திடமோ புகார் கொடுக்கலாம், பிறகு காத்திருக்க வேண்டியதுதான். சமரசமாக முடித்துக்கொள்ளவும் 96-வது பிரிவு இடம் தருகிறது.

அந்த ஆணையம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். '5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லையென்றால் 50 ரூபாய்' என்று விளம்பரம் செய்த வாடகை வண்டிச் செயலி ராபிடோவுக்கு 2025 ஆகஸ்டில் 10 லட்சம் அபராதம் போட்டது. 50 ரூபாய் கிடைக்காதவர்களுக்கு அதைத் தரவும் சொன்னது. பயிற்சி மையங்கள் பலவற்றின்மீதும் நடவடிக்கை எடுத்திருக்கிறது. ஆனால் அது கையில் எடுப்பது 21-வது பிரிவின் அபராதத்தைத்தான். முதல் தடவைக்கு அதன் உச்சவரம்பே 10 லட்சம். நாடு முழுக்க ஒன்றரை ஆண்டு ஓடிய விளம்பரத்துக்கு இது விளம்பரச் செலவிலேயே ஒரு சிறு பகுதியாக இருந்திருக்கும். கணக்கில் எழுதிக்கொள்ளக்கூடிய தண்டனை எதுவாக இருந்தாலும் பெரிய நிறுவனம் அதைக் கணக்கில்தான் எழுதும்.

உணவுக் கலப்படத்தில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. நுகர்வோர் சட்டத்தின் 90-வது பிரிவு கலப்படத்தை அதன் விளைவை வைத்துப் படிப்படியாகத் தண்டிக்கிறது. யாருக்கும் பாதிப்பு இல்லையென்றால் ஆறு மாதம் வரை. கொடுங்காயம் என்றால் ஏழு ஆண்டு வரை. உயிர் போனால் ஏழு ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை, அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாமல். கடைசி இரண்டும் பிணையில் விட முடியாத குற்றங்கள். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நடைமுறையில் நடப்பதெல்லாம் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்தான். காவல்துறை தனியாக இந்திய தண்டனைச் சட்டத்தின் கலப்படப் பிரிவுகளில் வழக்குப் போட்டு வந்ததற்கும் இடமில்லாமல் போனது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59-வது பிரிவு இருக்கும்போது அவை பொருந்தாது என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, சாவி உணவுப் பாதுகாப்புத் துறையிடம். அது எப்படித் திரும்புகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். அலுவலர் ஒரு கடையில் மிளகாய்த்தூளை மாதிரி எடுக்கிறார். நான்கு பாகமாகப் பிரித்து, கட்டி, அரக்கு வைத்து, கடைக்காரரின் கையெழுத்தும் வாங்குகிறார். ஒரு பாகம் பகுப்பாய்வாளருக்குப் போகிறது. 14 நாளில் அறிக்கை வர வேண்டும். அந்த அறிக்கையில் பகுப்பாய்வாளர் எழுதும் ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 'தரம் குறைந்தது' என்று எழுதினால் கோப்பு மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகும், 5 லட்சம் வரை அபராதத்தோடு முடியும். 'தவறான முகப்பு விவரம்' என்றால் 3 லட்சம் வரை. 'பாதுகாப்பற்றது' என்று எழுதினால் மட்டும்தான் அது நடுவர் நீதிமன்றத்துக்கு, சிறையை நோக்கிப் போகிறது. அதற்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையரின் அனுமதி வேண்டும், ஓராண்டு காலக்கெடுவும் உண்டு. எண்ணெயில் மலிவான எண்ணெயைக் கலப்பவனும் மஞ்சள்தூளில் ஈய நிறமியைக் கலப்பவனும் பாமரப் பேச்சில் ஒரே கலப்படக்காரர்கள்தான். சட்டத்தில் ஒருவன் அபராதக்காரன், இன்னொருவன் குற்றவாளி. இந்தப் பிரிப்பு நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லை எழுதுவதற்கு நல்ல கருவிகளும் போதுமான ஆட்களும் உள்ள ஆய்வகங்கள் வேண்டும். சிறைக் காலத்தைக் கூட்டுவதைவிட அதற்குச் செலவிடுவது மேல்.

மருந்தில் இது ரத்தமும் சதையுமாகத் தெரிந்தது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த கோல்ட்ரிஃப் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது 48.6% டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் இருந்தது. மருந்துகள் சட்டத்தில் இப்படி உயிர் போனால் பத்து ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறை. நம்மிடம் உள்ள கடுமையான நுகர்வோர் தண்டனைகளில் ஒன்று அது, பல ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருக்கிறது. இருந்தும் என்ன, முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்தத் தொழிற்சாலையை ஆய்வு செய்யவில்லை என்று இரண்டு மருந்து ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆயுள் தண்டனை பற்றிய பயத்தைவிட அடுத்த செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்துவிடுவார் என்ற பயம் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கும்.

எடையளவில் இதற்கு நேர் எதிரான படம். அங்கே ஆய்வு நடக்கிறது, சிறைதான் நடப்பதில்லை. மீன் மார்க்கெட்டில் எலெக்ட்ரானிக் தராசின் பக்கவாட்டில் பாருங்கள், ஈயத்தில் குத்திய சிறு முத்திரை ஒன்று இருக்கும், அதில் ஆண்டும் காலாண்டு எழுத்தும் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. முத்திரை இல்லாத தராசைப் பிடித்தால் பெரும்பாலும் இணக்கக் கட்டணம், அதாவது வழக்குக்குப் போகாமல் முடித்துக்கொள்வதற்கான தொகை, கட்டச் சொல்லி முடித்துவிடுவார்கள். 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் பெரும்பாலும் முதல் குற்றத்துக்கு அபராதம், இரண்டாவது தடவைக்கு மேல்தான் சிறை என்று அமைக்கப்பட்டது. இணக்கக் கட்டணம் கட்டியவர் மூன்று ஆண்டுக்குள் அதே தப்பைச் செய்தால் மறுபடி இணக்கம் கிடையாது. மூன்று ஆண்டு கழித்துச் செய்தால் அது முதல் குற்றமாகவே எண்ணப்படும்.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படாமலே போய்விட்டது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 264 முதல் 267 வரை பொய்த் தராசுக்கும் பொய்ப் படிக்கல்லுக்கும் ஓராண்டு வரை சிறை இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவுகள் இல்லை. தனிச் சட்டம் இருக்கும்போது எதற்கு என்பது அதற்கான காரணம். ஏற்கக்கூடிய காரணம்தான். ஆனால் எடை மோசடி செய்பவரைப் பற்றி மீன் வாங்கியவர் காவல் நிலையத்தில் சொல்லிக்கொள்ள இருந்த அந்தப் பழைய வாசலும் அதோடு அடைபட்டது.

இதுவரை சொன்னவை மத்தியச் சட்டங்கள். மாநிலம் தானே ஒரு கடுமையான சட்டம் செய்து, அதைப் பயன்படுத்தியும் காட்டியதற்கு உதாரணம் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். பத்திரிகைச் செய்திகளில் 'டான்பிட்' என்று வருவது இதுதான். 1990-களில் தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்து, வங்கியில் கிடைக்காத வட்டியைச் சொல்லி ஓய்வூதியப் பணத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு ஷட்டரை இழுத்த காலம் அது. முதிர்வுத் தேதியில் பணத்தைத் தரத் தவறினால், நிர்வாகத்துக்குப் பொறுப்பான ஒவ்வொருவருக்கும் பத்து ஆண்டு வரை சிறை என்றது சட்டம். சொத்துகளை அரசு முடக்கலாம், ஏலம் விட்டு முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். சென்னை, மதுரை, கோவையில் இதற்கெனத் தனி நீதிமன்றங்கள் உண்டு. வங்கியும் கம்பெனியும் மத்திய அரசின் விவகாரம், மாநிலம் எப்படிச் சட்டம் போடலாம் என்று எதிர்த்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

திருப்பூர் பாசி நிறுவன வழக்கு இதன் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்துக் காட்டும். ஆன்லைன் அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி 930 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி நடந்தது, 2009-இல் வெளிவந்தது. 2022 ஆகஸ்டில் கோவை தனி நீதிமன்றம் நிறுவன இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறையும், மொத்தமாக 171.74 கோடி அபராதமும் விதித்தது. 27 ஆண்டு என்பது நுகர்வோர் சார்ந்த வழக்கில் நாம் அபூர்வமாகக் கேட்கும் எண். அதற்காக 13 ஆண்டு காத்திருந்தவர்கள் பனியன் கம்பெனித் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும். பணம் போட்டபோது மகளுக்கு எட்டு வயது என்றால் தீர்ப்பு வரும்போது அவளுக்கு இருபத்தொன்று. சிறைத் தண்டனை ஒரு கணக்கைத் தீர்த்தது, அந்த வீட்டின் கணக்கை அது தொடவில்லை.

இங்கே சாவி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவிடம். அது முதல் புகாரிலேயே திரும்பினால் பணம் மிஞ்சும், ஆயிரமாவது புகாருக்குப் பிறகு திரும்பினால் கட்டடமும் நாற்காலியும்தான் மிஞ்சும். 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. பணம் திரும்பாமல் போகும்வரை அது காத்திருப்பதில்லை. அனுமதியில்லாத திட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே குற்றம், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. கமிஷனுக்காகச் சொந்தக்காரர்களையே இழுத்துவிடும் ஊர்க்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் அந்த வேலைக்குப் போக மாட்டார்கள்.

கடன் வாங்கியவரைக் காக்க 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டமும் மாநிலச் சட்டம்தான். மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கூலித் தொழிலாளி ஒருவர் மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகளோடு தீக்கு இரையானார். பல தடவை மனு கொடுத்தும் பலனில்லை என்பதுதான் அப்போது வந்த செய்தி. சட்டம் வந்து 14 ஆண்டு ஆகியிருந்தது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் காற்று எதிர்ப்பக்கம் வீசத் தொடங்கியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களில் 183 இடங்களில் தண்டனைகளைக் குறைத்தது அல்லது அபராதமாக மாற்றியது. உணவுச் சட்டத்தில், பாதிப்பு ஏற்படுத்தாத பாதுகாப்பற்ற உணவுக்கு ஆறு மாதச் சிறை மூன்று மாதமானது, அபராத உச்சவரம்பு ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சமானது. உரிமம் இல்லாமல் உணவுத் தொழில் செய்தால் இருந்த ஆறு மாதச் சிறை போய், 10 லட்சம் வரை அபராதம் மட்டும் என்றானது. 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான அடுத்த மசோதா, எடையளவுச் சட்டத்தின் பல முதல் குற்றங்களுக்கு 'திருத்திக்கொள்' என்ற அறிவிப்பு போதும் என்றது.

பாக்கெட்டில் எழுத்து ஒரு மில்லிமீட்டர் சிறியதாக இருந்ததற்காக ஒரு சின்ன மசாலாக் கம்பெனிக்காரர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு. ஆனால் உரிமமில்லாத உற்பத்தியை இதோடு சேர்த்தது தவறு. செத்த கோழியைப் பதப்படுத்துபவரும் ரசாயனப் பால் கலக்குபவரும் உரிமம் எடுத்துவிட்டா செய்கிறார்கள்? அவர்களை உணவு வெளியே போகுமுன் பிடிக்க இருந்த கைப்பிடி அதுதான்.

சிறைத் தண்டனை உள்ள குற்றத்தில் கூண்டில் நிற்பது யார் என்பதும் முக்கியம். எடையளவுச் சட்டத்திலும் உணவுச் சட்டத்திலும் நிறுவனம் ஒருவரைப் பொறுப்பாளராக முன்கூட்டியே நியமித்துவிடலாம், பிடிபட்டால் அவர்தான் நிற்பார். அது பெரும்பாலும் ஆலையிலோ கடையிலோ இருக்கும் ஒரு மேலாளர். நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதும்போதே நாம் இதை நினைவில் வைக்க வேண்டும். வெறும் நிறுவனப் பெயரை மட்டும் எதிர்தரப்பாகப் போட்டால், பின்னால் வாரண்ட் கேட்கும்போது யாருடைய பெயருக்குக் கேட்பது என்று நிற்க வேண்டிவரும். ரசீதில் கையெழுத்துப் போட்டவர், பங்குதாரர், நிர்வாக இயக்குநர் என்று பொறுப்புள்ளவர்களின் பெயரைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். தையல்கார அம்மாவின் வழக்கில் மண்டப உரிமையாளரின் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது.

தீர்ப்பு கிடைத்ததும் சான்றிட்ட நகல் வாங்கி, எதிர்தரப்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வரும் ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய அவர்களுக்கு 45 நாள் உண்டு, அதற்கும் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். மேல்முறையீடு செய்தேன் என்று சொன்னால் மட்டும் போதாது, தடையாணை நகலைக் காட்டச் சொல்லுங்கள். தடையாணை இல்லாவிட்டால் நடவடிக்கையை நிறுத்திவைக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே 2015-இல் சொல்லியிருக்கிறது. பிறகு 71, 72 இரண்டின்கீழும் தனித்தனியாக மனுப் போடுங்கள். எட்டு மாதம் காத்திருக்க வேண்டாம்.